கல் பட்ட புள்ளியும் கடற்காற்றும்: காரின் பெயின்டைக் காப்பது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் இரவு முழுவதும் நிற்கும் கார்களின் முன்பக்கத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பொனட் விளிம்பில் மிளகு தூவியது போலச் சிறு புள்ளிகள் இருக்கும். சில சாம்பல் நிறம், சில கபில நிறம். கவலைப்பட வேண்டியது கபில நிறப் புள்ளிகளைப் பற்றித்தான்.

காரின் உருக்குத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என நான்கு படைகள் உள்ளன. நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன்தான். ஏறக்குறைய ஒரு கடதாசித் தாளின் தடிப்பு. வேகம் இரட்டித்தால் கல் மோதும் சக்தி நான்கு மடங்காகும். நகருக்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் தழும்பு கூட வைக்காத கல், தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் செல்லும்போது தகடு வரை துளைத்துவிடலாம்.

உள்நாட்டு ஊர்களில் அந்தத் துளை சில மாதங்கள் சும்மா இருக்கக்கூடும். மரைன் டிரைவ் பக்கம் அப்படியில்லை. காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து, மழையில்லாத நாளிலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு புள்ளியோடு நிற்காமல் பெயின்டுக்கு அடியில் பரவி, பிறகு கொப்புளமாக எழும்பும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை இன்னும் மோசம். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குத் துறைமுகக் காற்றோடு கொள்கலன் லொறிகளும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கிடையே சிக்கும் கல், வேகம் எடுத்ததும் தெறிக்கும்.

முன்பென்றால் வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரியோடு. ஆகவே பலர் இருக்கிற காரையே இன்னும் பல வருடம் ஓட்டவேண்டிய நிலை. முழு பொனட்டையும் திரும்ப அடித்தால் செலவு ஒருபுறம். விற்கும்போது ‘எங்கே இடித்தது?’ என்ற கேள்வி மறுபுறம்.

செலவில்லாத பாதுகாப்பு இடைவெளிதான். மணல், கருங்கல் ஏற்றிய லொறிக்குப் பின்னால் குறைந்தது மூன்று விநாடி தூரம் விடுங்கள், அல்லது பாதுகாப்பாக முந்திச் செல்லுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் மட்பிளாப் இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் சக்கரம் எறியும் கல்தான் கதவின் அடிப்பகுதியைக் கெடுக்கிறது.

பணம் செலவழிக்க விரும்புவோருக்குப் பாதுகாப்புப் படலம் உண்டு. ஏறக்குறைய 150 முதல் 200 மைக்ரோன் தடிப்புள்ள பொலியூரத்தேன் அது. கல்லின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கார் முழுவதும் ஒட்டத் தேவையில்லை. பொனட்டின் முன்பகுதி, பம்பர், பக்கக் கண்ணாடிகளின் முதுகு போதும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய காரானால், முன்பு எங்காவது திரும்பப் பெயின்ட் அடித்ததா என்று முதலில் பாருங்கள். சரியாகப் பிடிக்காத பெயின்ட், படலத்தைக் கழற்றும்போது அதோடு உரிந்து வந்துவிடும். செராமிக் பூச்சு வேறு விடயம். அது சில மைக்ரோன்தான். மினுக்கம் தரும், கழுவுவது இலகு. கல்லுக்கு அது தடையே அல்ல, யார் என்ன சொல்லி விற்றாலும். தோல் போன்ற பொனட் உறையையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் அடியில் உப்பும் ஈரமும் தங்கும்.

கல் பட்டுவிட்டதா? அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பெயின்ட் கைக்கு வரும்வரை நிறமற்ற கியூட்டெக்ஸ் ஒரு துளி வைத்தாலும் காற்று படாது. தற்காலிகமாக மட்டும்தான். சரியான நிறத்துக்குக் குறியீடு தேவை. டொயோட்டாவில் பொதுவாகக் கதவுத் தூணில் உள்ள தகட்டில் ‘சி/டிஆர்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும். 040 என்றால் சாதாரண வெள்ளை, வேலை சுகம். 070 என்றால் முத்து வெள்ளை. வெள்ளையின் மேல் முத்துப்படை, அதன் மேல் கிளியர் என்று அடிக்கவேண்டியது, ஆகவே தொட்ட இடம் சற்றுத் தெரியத்தான் செய்யும்.

துரு இருந்தால் மெல்லிய அரத்தாளைக் குச்சி முனையில் சுற்றி, புள்ளிக்குள் மட்டும் சுரண்டுங்கள். அல்கஹோலால் துடைத்துக் காயவிடுங்கள். பற்குச்சி முனையால் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர். ஒவ்வொன்றும் மெல்லியதாக, முந்தையது காய்ந்த பிறகு. போத்தல் மூடியிலுள்ள தூரிகையால் ஒரேயடியாக அப்பினால் பரு போல் துருத்தி நிற்கும். மழைக்கால மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பொனட் அலுமினியம். அதில் கபிலத் துரு வராது. உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்துப் பெயின்ட் எழும்பும். அதற்கும் இதே வைத்தியம்தான். பம்பரில் விழுந்த புள்ளிகளுக்கு அவசரமில்லை, அது பிளாஸ்டிக். பொனட்டையும் கூரையின் முன்விளிம்பையும் கதவின் அடியையும் முதலில் பாருங்கள்.