கெடு இல்லாத சண்டை

போன வாரம் கிரேசி குடும்பம் நீட்டிய நிபந்தனைகளோடு நிறுத்தியிருந்தேன். ஜப்பானின் புரோ ரெஸ்லர் சகுரபா என்ன பதில் சொன்னார் என்று வாரம் முழுக்க யோசித்திருப்பீர்கள்.

ஒத்துக்கொண்டார்.

நிபந்தனைகளை மறந்தவர்களுக்காக இன்னொரு முறை. ஒரு ரவுண்டு 15 நிமிடம். எத்தனை ரவுண்டு? கணக்கே கிடையாது. நடுவர் குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தக் கூடாது. மதிப்பெண் போட்டு இவர் வென்றார், அவர் தோற்றார் என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நினைவு தப்பி விழ வேண்டும், அல்லது அவருடைய ஆட்கள் துண்டை வீச வேண்டும். அதுவரை விடிய விடியச் சண்டைதான்.

இந்தச் சண்டை நடந்த போட்டித் தொடரில் வேறு யாருக்கும் இந்த விதி இல்லை. சகுரபாவின் எதிராளி ராய்ஸ் கிரேசிக்காக மட்டும் வளைக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்வரில் 1993-இல் ஒரே இரவில் மூன்று பேரை வீழ்த்தி, எல்லாச் சண்டைக் கலைகளும் மோதும் இந்த விளையாட்டையே உலகுக்குக் காட்டியவர் அவர். அவர் கேட்டால் மறுக்க முடியுமா?

ஏன் கேட்டார்கள்? காயம் அப்படி. இந்தச் சண்டைக்கு முந்தைய நவம்பரில் ராய்ஸின் அண்ணன் ராய்லரின் கையைச் சகுரபா முறுக்கிப் பிடித்தார். ராய்லர் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவரே நிறுத்திச் சகுரபாவை வெற்றியாளராக அறிவித்தார். அதைக் கிரேசிகள் ஏற்கவே இல்லை. தட்டாதவன் எப்படித் தோற்றவன் ஆவான் என்பது அவர்கள் கேள்வி. இன்னொரு கணக்கும் இருந்தது. நேரம் மட்டும் இருந்தால் எப்பேர்ப்பட்ட பலசாலியையும் பொறுமையால் கரைத்துவிடலாம். அந்த வீட்டின் ஜியூ-ஜிட்சு முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

அந்த நம்பிக்கையை வளர்த்தவரே அன்று ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தந்தை ஹெலியோ கிரேசி. வயது 86.

ஜப்பானியர்களுக்கு அவர் புதியவர் அல்ல. 1951-இல் ரியோ நகரின் மரகானா மைதானத்தில் ஜப்பானின் ஜூடோ சிங்கம் கிமுரா இவருடைய கையை முறித்தார். ஹெலியோ வாயைத் திறக்கவில்லை, தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ் குறுக்கே வந்து நிறுத்தினார். ராய்லரின் கையைச் சகுரபா முறுக்கியதும் அதே பிடியில்தான். அந்தப் பிடிக்குப் பெயரே இன்று கிமுரா!

சரி, சகுரபா ஏன் ஒத்துக்கொண்டார்?

குருவுக்காக என்று நான் நம்புகிறேன். நொபுஹிகோ தகாதா. ஜப்பானியப் புரோ ரெஸ்லிங்கின் உச்ச நட்சத்திரம். ரிக்சன் கிரேசியிடம் இரண்டு முறை வீழ்ந்தார். அந்த ஜனவரியில் இதே ராய்ஸிடமும் தோற்றார். புரோ ரெஸ்லிங் வெறும் நாடகம், நிஜச் சண்டையில் நிற்காது என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சை ஒரு தடவை, ஒரே தடவை, எல்லோர் கண்முன்னும் பொய்யாக்க வேண்டும். அதற்குக் கிரேசிகள் கேட்ட விதியிலேயே ஜெயிப்பதைவிட நல்ல வழி ஏது? நடுவர் மேல் பழி போட இனி யாருக்கும் இடமிருக்காது.

2000 மே 1. டோக்கியோ டோம். 38,000 பேருக்கு மேல் கூட்டம்.

கிரேசிகள் தங்கள் வழக்கப்படி வந்தார்கள். முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருகிறவர் கை வைத்து, ரயில் பெட்டிகள்போல ஒரே வரிசை. சகுரபா எப்படி வந்தார் தெரியுமா? முகமூடி போட்ட மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஒரே முகமூடி. எவர் சகுரபா என்று தெரியாமல் அரங்கமே ஆர்ப்பரித்தது. புரோ ரெஸ்லிங்கின் வேஷத்தோடுதான் நிஜச் சண்டைக்குள் நுழைவேன் என்று சொல்லாமல் சொன்னார் அவர்.

மணி அடித்தது.

முதல் ரவுண்டு முடியும் தறுவாயில் ராய்ஸின் கால் சகுரபாவின் பிடிக்குள் சிக்கியது. முழங்கால் பின்னுக்கு வளைகிறது. இன்னும் சில விநாடி கிடைத்தால் கதை முடிந்தது.

மணி!

ராய்ஸ் தப்பினார். இரண்டாவது ரவுண்டில் அவர் முறை. சகுரபாவின் கழுத்து அவர் கைக்குள் வந்துவிட்டது. முன்பக்கமிருந்து போடும் கழுத்துப் பிடி. கூட்டம் மூச்சுவிடவில்லை. சகுரபா பதறவில்லை. பொறுத்திருந்தார், தலையை உருவிக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை ராய்ஸ் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் எப்போதும்போல வெள்ளை ஜூடோ அங்கியில் வந்திருந்தார். கிரேசிகளுக்கு அது உடை மட்டுமா, கவசமும் ஆயுதமும் அல்லவா! சகுரபா அதையே பிடித்துக்கொண்டார். அங்கியைத் தலைக்கு மேல் இழுத்து ராய்ஸின் கண்ணை மறைத்தார். ஒரு சமயம் கால்சட்டையையே கீழே இழுத்தார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. வெறும் குறும்பு என்று தள்ளிவிடாதீர்கள். பொறுமையையே மூலதனமாக வைத்திருப்பவனை நிலைகுலைய வைக்க இதைவிடக் கூரிய வழி எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது ரவுண்டு. நான்காவது.

இப்போது சகுரபாவின் உதைகள் ராய்ஸின் தொடையில் இறங்க ஆரம்பித்தன. ஒரே கால். திரும்பத் திரும்ப அதே இடம். ராய்ஸ் கட்டிப்பிடிக்கப் பார்க்கிறார், சகுரபா உதறுகிறார். ராய்ஸ் தானே மல்லாந்து படுத்து அழைக்கிறார், சகுரபா நின்றுகொண்டே அந்தக் காலை உதைக்கிறார். நேரம் தங்கள் பக்கம் என்று நம்பித்தான் கிரேசிகள் கெடு வேண்டாம் என்றார்கள். நேரமோ மெல்ல மெல்லச் சகுரபா பக்கம் சாய்ந்தது.

ஐந்து. ஆறு.

90 நிமிடம் முடிந்தது.

ஏழாவது ரவுண்டுக்கு முன் ராய்ஸ் தன் மூலையில் இருக்கிறார். கால் தரையில் ஊன்றவில்லை. தட்டாதவன் தோற்கவில்லை என்று சொல்லி வளர்த்த தந்தை சில அடி தூரத்தில். நடுவர் நிறுத்த முடியாது. அதைக் கேட்டு வாங்கியவர்களே இவர்கள்தான். முடிவு எடுக்க வேண்டியவர்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே.

மூத்த அண்ணன் ரோரியன் தம்பியைப் பார்த்தார்.

துண்டு ரிங்குக்குள் விழுந்தது.

மரகானாவில் தம்பிக்காக ஒரு அண்ணன் தோல்வியை ஏற்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து டோக்கியோவில் இன்னொரு அண்ணன். குடும்ப மானத்தைவிடத் தம்பியின் கால் பெரிது என்று முடிவெடுத்த அந்த விநாடிக்காக நான் ரோரியனை மதிக்கிறேன். அன்றிரவு ரிங்குக்குள் நடந்த எதற்கும் குறையாத வீரம் அது.

அரங்கம் அதிர்ந்தது. தகாதாவின் சீடன் ஜெயித்துவிட்டான்! 'கிரேசி வேட்டைக்காரன்' என்ற பட்டம் இனி அவரை விட்டுப் போகாது.

கொண்டாடுங்கள், ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். இது காலிறுதி. அரையிறுதியும் அதே இரவில்தான்.

எதிரே நிற்கப் போகிறவர் உக்ரைனின் இகோர் வோவ்சாஞ்சின். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் கை. தன் காலிறுதியை அவர் சுமார் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். சகுரபாவோ அவரைவிட ஏறக்குறைய இருபது கிலோ குறைவு. 90 நிமிடம் உதைத்த கால்கள், உதை வாங்கிய உடம்பு. இத்தோடு விலகிக்கொண்டால் ஜப்பானில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வந்த வேலை முடிந்துவிட்டதே!

வோவ்சாஞ்சின் ரிங்கில் ஏறினார். எல்லாக் கண்களும் எதிர் வாசலைப் பார்த்தன.

சகுரபா வந்தாரா?

(அடுத்த வாரம்)