புயலுக்கு நடுவே ஒரு கால்

மும்பையில் வாழும் நமக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆடி மாதத்தில் மரைன் டிரைவ் சுவரில் அலை மோதித் தெறிக்கும்போது, நனைவதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாம். கரையில் நிற்கும்வரை புயலும் அழகுதான். அந்த அழகை வைத்தே ஒரு பெரிய ஓவிய மரபை வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள்.

உண்மையில் அந்தக் கலை அவர்களுக்கு ஹாலந்திலிருந்து வந்தது. 1672-73 குளிர்காலத்தில் வான் டி வெல்டே என்ற தந்தையும் மகனும் லண்டனில் குடியேறினார்கள். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்து ஆதரித்தார். அந்த வழியில் வந்து, எல்லோரையும் மிஞ்சியவர் டர்னர் (1775-1851), லண்டன் முடிதிருத்துநர் ஒருவரின் மகன். புயலைப் பார்ப்பதற்காகத் தம்மைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டச் சொல்லி நான்கு மணி நேரம் நின்றதாக அவர் சொன்னாராம். நம்பாத ஆய்வாளர்கள் பலர் உண்டு. கதை மட்டும் நிலைத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது, 1840-இல் அவர் ராயல் அகாடமியில் வைத்த 'அடிமைக் கப்பல்' படத்தைப் பற்றி. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓவிய நூல் ஒன்றில் அதைப் பார்த்தேன். செக்கச் சிவந்த அந்திவானம், கொந்தளிக்கும் கடல், தூரத்தில் நுரைக்குள் தத்தளிக்கும் ஒரு கப்பல். ரொம்ப நாள் அதை ஒரு சூரியாஸ்தமனப் படமாகவே ரசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேத்தி கேட்டாள்: "தாத்தா, தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு கால் தெரியுதே, அது யாரோடது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வலப்பக்கக் கீழ்மூலையில் விலங்கிட்ட ஒரு கால். சுற்றிலும் மீன்கள், பறவைகள்.

1781-இல் ஸாங் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளைக் கடலில் தள்ளினார்கள். குடிநீர் போதவில்லை என்பது சொன்ன காரணம். கணக்கு வேறு. நோயில் செத்தால் நஷ்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்ற வீசியதாகச் சொன்னால் தலைக்கு 30 பவுண்டு காப்பீடு! 1783-இல் வழக்கு நடந்தது. கொலை வழக்கு அல்ல, காப்பீட்டு வழக்கு. இந்தக் கொடுமையைச் சொன்ன கிளார்க்சனின் நூல் 1839-இல் மறுபதிப்பாக வந்தது. அதுவே டர்னரைத் தூண்டியது என்று பலர் கருதுகிறார்கள்.

எனக்கு வியப்பு வேறொன்றில். விமர்சகர் ரஸ்கின் 1843-இல் இந்தப் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். அலை, ஒளி, நிறம் என்று பக்கத்தை நிறைத்தார். கப்பல் பாவம் சுமந்தது என்று கோடி காட்டினாரே தவிர, அது அடிமைக் கப்பல், ஆட்களைக் கடலில் எறிகிறது என்ற விஷயத்தை அடிக்குறிப்பில்தான் வைத்தார். 1844-இல் தந்தை பரிசாக வாங்கித் தந்த அதே படத்தைப் பின்னாளில் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் விற்றும்விட்டார். 1899 முதல் அது அமெரிக்காவில், பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டர்னர் மட்டும் சுத்தமா? 1805-இல் ஜமைக்காவில் அடிமை உழைப்பில் நடந்த மாட்டுப்பண்ணை ஒன்றில் அவரும் 100 பவுண்டு போட்டிருந்தார். பிந்தி வந்த மனசாட்சி என்றாலும், வந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

1834-இல் பிரிட்டிஷ் தோட்டங்களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. உடனே கரும்புக்கு ஆள் தேடிய கப்பல்கள் நம் பக்கம் திரும்பின. மொரிஷியசுக்கும் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஏறினார்கள். கரை சேராமலே மாண்டவர்களும் உண்டு.

இப்போதும் மழைக்காலத்தில் மரைன் டிரைவ் போகிறேன், அலையை ரசிக்கிறேன். ஆனால் கடலோவியம் எதைப் பார்த்தாலும், முதலில் கீழ்மூலையைத்தான் தேடுகிறேன். குழந்தைக்கு உடனே பட்டது எனக்குப் பட இத்தனை வருஷமாயிற்று.