நாய்க்கடி ஊசியும் மூளைத் தண்டுவட அழற்சியும்

வெறிநாய்க்கடிக்குப் போட்ட பழைய தடுப்பூசியால் சிலருக்கு வந்த நரம்பு நோய். கிருமி தாக்குவதால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தாக்குவதால் வருவது. சென்னையின் காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் மக்களுக்கு அந்த மருந்து ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’.

பாரிசில் பாஸ்டர் 1885-இல் தொடங்கிய சிகிச்சை 1900-இல் கசௌலிக்கு வந்தது. தெற்கே கடிபட்டவர் இமயமலை வரை போகவேண்டும். 1902-இல் அருகில் சிகிச்சை கிடைக்காமல் ஓர் இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையில் 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் எழுந்தது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறையில், வைரஸ் ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, ஃபீனாலால் வைரஸைச் செயலிழக்கச் செய்தார்கள். செய்வது எளிது, செலவும் குறைவு. இந்தியா அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

கோளாறு ஆட்டு மூளையிலேயே இருந்தது. அதிலுள்ள மயலின் புரதத்தை எதிர்க்கப் பழகிய உடல், தன் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலினையும் அழிக்கத் தொடங்கும். நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குழு 1930-களில் முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதே அழற்சியை உண்டாக்கிக் காட்டியது. அந்தச் சோதனைதான் பின்னாளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயின் ஆய்வுக்கு அடித்தளமானது.

ஊசி தொடங்கி இரண்டொரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி. பிறகு கால்கள் மரக்கும், சிறுநீர் அடைக்கும். மருத்துவருக்கு அப்போதுதான் உண்மையான திண்டாட்டம். வெறிநோயிலும் தண்ணீரைக் கண்டு அஞ்சாமல், கால் மட்டும் செயலிழக்கும் வகை உண்டு. அதுவானால் சாவு ஏறக்குறைய உறுதி. ஊசியின் விளைவானால் பலர் பிழைப்பார்கள், ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் குண்டூசிதான் கருவி. காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே போய் உணர்ச்சி எங்கே தொடங்குகிறதென்று பார்ப்பார்கள். வயிற்றில் ஒரு மட்டத்துக்குக் கீழே முற்றிலும் மரத்திருந்தால் தண்டுவட அழற்சியென்று ஐயம் வலுக்கும். ஊசி போட்டுத் தடித்த வயிறும் அதுவே.

நாயைக் கொன்றே வெறிநோயை ஒழிக்க 1860 முதல் முயன்ற சென்னை மாநகராட்சி, 1996-இல் கருத்தடைக்கும் நாய்த் தடுப்பூசிக்கும் மாறியது. மனிதர்களுக்குப் போட்ட மூளைத்திசு மருந்தைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே சொல்லியும், இந்தியாவில் அதன் உற்பத்தி 2004 இறுதியில்தான் நின்றது. பணமுள்ளவர்கள் அதற்குள் விலைகொடுத்துச் செல் வளர்ப்பு ஊசிக்குப் போயிருந்தார்கள். ஆட்டு மூளை மருந்து அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கே மிஞ்சியது. 2006-இல் ஏற்கப்பட்ட முறையில் செல் வளர்ப்பு ஊசியைத் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரு கைகளிலும் போடுகிறார்கள்: 0, 3, 7, 28-ஆம் நாட்களில்.