காக்பிட் ஹெட்செட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கணும்?

காதில் மாட்டும் ஒரு ஹெட்செட்டுக்கு ஒரு லட்சம் ரூபாயா? விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. போஸ் நிறுவனம் 2023ல் வெளியிட்ட ஏ30 ஹெட்செட்டின் விலை அமெரிக்காவில் சுமார் 1,300 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. லைட்ஸ்பீட் நிறுவனத்தின் டெல்டா ஜூலு மாடலும் ஆயிரம் டாலருக்கு மேல்தான். பயிற்சிக் கட்டணத்துக்கே கடன் வாங்கியிருக்கும் மாணவர், "பழசு ஏதாவது கிடைச்சா போதும்" என்று தேட ஆரம்பிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பழைய ஹெட்செட் வியாபாரம் அமெரிக்காவில்தான் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களும், கிளப் விமானங்களில் வாடகைக்குப் பறப்பவர்களும் அதிகம். பாதியில் பயிற்சியை நிறுத்தியவர், வயதாகிப் பறப்பதை விட்டவர், புது மாடல் வந்ததும் பழையதைத் தள்ளிவிட நினைப்பவர் என விற்பவர்கள் பலவிதம். ஈபே, விமான வரி விளம்பரங்களுக்கான பார்ன்ஸ்டார்மர்ஸ், ஃபிளையிங் கிளப் அறிவிப்புப் பலகை என எல்லா இடத்திலும் பொருள் கிடைக்கும். நல்ல பொருளும் கிடைக்கும், தலைவலியும் கிடைக்கும்.

இவ்வளவு விலை கொடுக்க அதில் என்ன இருக்கு?

செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், உள்ளே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கூடக் காதில் விழாது. சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களின் உள்ளே இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவின் பணியிட சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அதாவது 88 டெசிபலில் 4 மணி நேரம், 91ல் 2 மணி நேரம், 94ல் ஒரே ஒரு மணி நேரம். இப்படிப் போகும் கேட்கும் திறன் திரும்பி வராது. கேட்கும் திறன் குறைந்தால் விமானிக்கான மருத்துவத் தகுதித் தேர்விலும் சிக்கல்தான்.

இந்த இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் 'கும்'மென்று வரும் ஓசை. கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும் புரொப்பெல்லர், நொடிக்கு 40 சுற்று சுற்றுகிறது. இரண்டு இறக்கை என்றால் நொடிக்கு 80 முறை காற்றை அறைகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினும் அதே நொடியில் 80 முறை வெடிக்கிறது. இந்த 80 ஹெர்ட்ஸ் ஓசையை எவ்வளவு தடிமனான ஸ்பாஞ்ச் வைத்தாலும் முழுசாகத் தடுக்க முடியாது. அங்கேதான் ஏ.என்.ஆர் எனப்படும் இரைச்சல் குறைப்புத் தொழில்நுட்பம் வருகிறது. காது மூடிக்குள் இருக்கும் குட்டி மைக் இரைச்சலைக் கேட்கும். சர்க்யூட் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கரில் விடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த சுருதி ஓசையைத் தடுப்பது இப்போதும் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக் மூடியும்தான். இந்த வேலைப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெட்செட்டைச் சோதிக்கும்போது இதுதான் உதவும்.

வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்ட வீரரின் மகனான அமர் போஸ், 1978ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது இந்த யோசனையை வளர்த்தெடுத்தார். 1986ல் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் 9 நாட்களில் உலகைச் சுற்றியபோது அணிந்திருந்தது போஸின் மாதிரி ஹெட்செட்டைத்தான். கடைக்கு வந்தது 1989ல். பிறகு 1998ல் எக்ஸ், 2010ல் ஏ20, இப்போது ஏ30. இன்று பழைய சந்தையில் அதிகம் கைமாறுவது ஏ20.

முதலில் பிளக்கைப் பாருங்க

மாடல், விலை, நிறம் எல்லாம் அப்புறம். படத்தில் முதலில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது ஒயரின் நுனியைத்தான். சாதாரண சிறு விமானங்களுக்கு இரண்டு பிளக் இருக்கும். கேட்பதற்குத் தடிமனான ஒன்று, மைக்குக்கு அதைவிடக் கொஞ்சம் மெலிந்த ஒன்று. ஹெலிகாப்டருக்கு யு-174 எனப்படும் ஒரே பிளக். ஏர்பஸ் காக்பிட்டில் ஐந்து பின் கொண்ட எக்ஸ்எல்ஆர். புதிய சிரஸ் போன்ற விமானங்களில் ஆறு பின் கொண்ட லெமோ.

லெமோ விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வகை ஹெட்செட்டுக்கு விமானத்திலிருந்தே மின்சாரம் வரும் என்பதால் பேட்டரிப் பெட்டியே இருக்காது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று வாங்கி, சாதாரண அடாப்டர் போட்டு கிளப்பின் பழைய செஸ்னாவில் செருகினால் பேச்சு கேட்கும், ஆனால் ஏ.என்.ஆர் வேலை செய்யாது. பேட்டரியோடு கூடிய தனி அடாப்டர் வாங்கணும். அந்தச் செலவையும் சேர்த்தால் மலிவு மலிவாக இருக்காது.

ராணுவக் கழிவு விற்பனையில் வரும் ஹெட்செட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. பிளக் பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் பிளக் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மைக் குறைந்த மின்தடை கொண்டது. சிவில் விமானத்தின் ரேடியோவோடு அது சேராது. நீங்கள் பேசுவது கன்ட்ரோல் டவருக்குக் கேட்கவே கேட்காது.

வீட்டிலேயே எதைச் சோதிக்கலாம்?

ஏ.என்.ஆரைச் சோதிக்க வாகன நிறுத்தத்தில் ஓடும் டீசல் வண்டியோ, பெரிய ஃபேனோ போதும். சுவிட்சைப் போட்டதும் அடித்தொண்டை உறுமல் மட்டும் சட்டென்று அடங்கணும். பக்கத்தில் பேசுபவரின் குரல் அப்படியே இருந்தால் அது கோளாறு இல்லை. அந்தச் சுருதி ஏ.என்.ஆரின் வேலையே அல்ல. இரண்டு காதிலும் ஒரே அளவு அடங்குகிறதா என்று பார்க்கணும். ஒரு பக்கம் மட்டும் உறுமல் மிச்சம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காது மெத்தை. மெத்தை நைந்து காற்று கசிந்தால் ஏ.என்.ஆர் தடுமாறும், சில நேரம் கீச்சென்று கத்தும். கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு வழியாகவும் இதே கசிவு வரும். மெத்தை, தலைப்பட்டை ஸ்பாஞ்ச், மைக் உறை மூன்றும் சில பத்து டாலரில் மாற்றக்கூடியவை. அவை கிழிந்திருப்பதைக் காட்டி விலை பேசலாம், வாங்காமல் விடத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது ஒயருக்குத்தான். சீட் தண்டவாளத்தில் மாட்டி, கதவிடுக்கில் நசுங்கி, தினமும் சுருட்டி மடக்கப்படும் பொருள் அது. பிளக் அருகிலும் கன்ட்ரோல் பெட்டி அருகிலும் ஒயரை மெல்ல வளைத்துக்கொண்டே கேளுங்கள். ஒரு 'கரகர' வந்தால் போதும், ஒயர் மாற்றும் நிலையில் இருக்கிறது. கன்ட்ரோல் பெட்டியோடு சேர்த்து மாற்ற வேண்டிய மாடல்களில் செலவு நூற்றுக்கணக்கான டாலரில் போய் நிற்கும். பேட்டரி மூடியையும் திறந்து பாருங்கள். பென்சில் பேட்டரியை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் பையில் கிடந்த ஹெட்செட்டில் பச்சை நிறத் துரு பிடித்திருக்கும்.

"ஒரு காதுல மட்டும்தான் கேக்குது" என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்பவர்களும் உண்டு. கன்ட்ரோல் பெட்டியில் மோனோ-ஸ்டீரியோ என ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மோனோ விமானத்தில் அது ஸ்டீரியோவில் கிடந்தால் ஒரு காதில்தான் கேட்கும். விற்பவருக்கே தெரியாத இந்தச் சின்ன விஷயம் தெரிந்தவருக்கு லாபம்.

மைக்கை மட்டும் வீட்டில் சோதிப்பது கடினம். விமான மைக் இயங்க விமானத்தின் ஆடியோ பெட்டியிலிருந்து சிறிதளவு மின்சாரம் வரணும், செல்போனில் செருகினால் வேலை செய்யாது. கையடக்க இன்டர்காம் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே சந்தித்து, நிற்கும் விமானத்தில் மாட்டிப் பார்ப்பதே உத்தமம். தன் பொருள் மீது நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பேசிப் பாருங்க. நல்ல ஹெட்செட்டில் பேட்டரி செத்தாலும் ரேடியோ கேட்கணும், மைக் பேசணும். நடுவானில் ரேடியோ இல்லாமல் போவது விளையாட்டு இல்லை.

அடக்கக் கூடாத சத்தமும் உண்டு

இரைச்சல் குறைவது நல்லதுதான், ஆனால் எல்லாச் சத்தமும் இரைச்சல் அல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ, 2007 ஜனவரியில் இதைப் பற்றியே ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஹெட்செட் வழியாக வராத எச்சரிக்கை ஒலிகளும், இயந்திரத்தின் மாறுபட்ட சத்தமும் விமானியின் காதில் விழாமல் போகலாம் என்பதே அதன் சாரம். செஸ்னா 172ல் வேகம் குறைந்து விமானம் தாங்கும் சக்தியை இழக்கப் போகும்போது ஊதும் ஸ்டால் எச்சரிக்கை இதற்கு நல்ல உதாரணம். அது மின்சார ஒலியே அல்ல. இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு, நாதஸ்வரச் சீவாளி போல ஒரு தகடு அதிர்ந்து எழுப்பும் சத்தம். (பறப்பதற்கு முன் அந்தத் துளையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதிக்கும் விமானிகளைப் பார்க்கலாம்.) அது ஹெட்செட் ஒயர் வழியாக வராது. அதனால் எந்த ஹெட்செட்டை வாங்கினாலும், பயிற்சியாளரை வைத்துக்கொண்டு பாதுகாப்பான உயரத்தில் ஒருமுறை ஸ்டால் செய்து, அந்த ஊதல் கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

பாட்டு கேட்கும் சாதாரண ஹெட்போனில் தனியாக ஒரு மைக்கைப் பொருத்தி விற்பதும் நடக்கிறது. விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது விமானத்துக்கென்று சோதிக்கப்பட்ட பொருள் அல்ல. டி.எஸ்.ஓ எனப்படும் எஃப்.ஏ.ஏ தரச் சான்று அதற்கு இருக்காது. தனிப்பட்ட பயணத்துக்கு அந்தச் சான்று கட்டாயம் இல்லை என்றாலும், ஏர்லைனில் வேலைக்குப் போகும்போது நிறுவனம் அதைக் கேட்கும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

பழைய ஹெட்செட்டை 600 டாலருக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புது மெத்தையும் மைக் உறையும் 60, ஒயர் மாற்ற நேர்ந்தால் 250. ஆக 910 டாலர், வாரண்டியும் இல்லை. புதியதை வாங்கினால் போஸும் டேவிட் கிளார்க்கும் 5 ஆண்டும், லைட்ஸ்பீட் தன் உயர் ரக மாடல்களுக்கு 7 ஆண்டும் வாரண்டி தருகின்றன. எனவே ஒயர் சரியாக இருந்தால் மட்டுமே 600 நல்ல விலை. வாரண்டி மிச்சம் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்று சீரியல் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேட்டுவிடலாம். அந்த மாடலுக்கு இன்னும் பாகங்கள் கிடைக்கிறதா என்றும் அதே அழைப்பில் கேளுங்கள். பாகம் நின்றுபோன மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

மாணவருக்கு ஏ.என்.ஆர் வேண்டவே வேண்டாமா என்றால், அதிலும் நியாயம் இருக்கிறது. டேவிட் கிளார்க்கின் பச்சை நிற எச்10-13.4 பல பத்தாண்டுகளாகப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிறது. அதில் பேட்டரியும் இல்லை, இரைச்சல் குறைப்பு சர்க்யூட்டும் இல்லை. கனமானது, தலையை இறுக்கும். ஆனால் கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை, எந்தப் பாகமும் கிடைக்கும். அதன் கீழே நுரை காதடைப்பானும் வைத்தால் காது பத்திரம். கேள்விக்குறியான ஏ.என்.ஆரைவிட நல்ல நிலையில் உள்ள பழைய பச்சை டேவிட் கிளார்க் எவ்வளவோ மேல்.

மோசடி எப்படி நடக்குது?

வேறொருவர் விளம்பரத்தில் இருந்த படத்தை எடுத்துப் போட்டு, பாதி விலை சொல்லி, "இன்னொருத்தரும் கேக்கிறார், இப்பவே பணம் அனுப்புங்க" என்று அவசரப்படுத்துவதுதான் வழக்கமான பாணி. இதை உடைக்க ஒரே ஒரு கோரிக்கை போதும். இன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதி, சீரியல் எண் தெரியும்படி ஹெட்செட் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இல்லாதவரால் அதைச் செய்வது கஷ்டம்.

பணம் அனுப்பும் முறையும் முக்கியம். பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் வழியில் செலுத்தினால், பொருள் வராவிட்டாலும் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடைக்காது. கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று விற்பவர் அந்த வழியைக் கேட்டாலே உஷாராகிவிடணும். ஸெல் வழியாக அனுப்புவது ரொக்கம் கொடுத்த மாதிரிதான். ஏமாந்துவிட்டால் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் புகார் பதியலாம்.

காக்பிட்டில் விட்டுவிட்டுப் போகும் ஹெட்செட்கள் திருடு போவதும் உண்டு. சீரியல் எண் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

விற்பவர் என்ன செய்யணும்?

சீரியல் எண்ணையும் ரசீதையும் எடுத்து வையுங்கள். புதிய மெத்தை போட்டு விற்றால் போட்ட பணம் விலையில் திரும்பிவரும், அடுத்தவர் வியர்வை படிந்த மெத்தையை யாரும் விரும்ப மாட்டார்கள். புளூடூத்தில் சேர்த்து வைத்திருந்த போனை நீக்கிவிடணும். பென்சில் பேட்டரியைக் கழற்றி அனுப்பணும். டெல்டா ஜூலு போல லித்தியம் பேட்டரியில் ஓடும் மாடல் என்றால், கூரியரில் அதற்குத் தனி விதி உண்டு, முன்பே சொல்லிவிடணும். காப்பீடு செய்து அனுப்புவதும், பெட்டியில் வைக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்வதும் பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும். லைட்ஸ்பீட் தன் பழைய ஹெட்செட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியதில் விலை குறைக்கும் திட்டம் வைத்திருக்கிறது. வெளியே விற்பதற்கு முன் அந்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பயிற்சி முடித்து ஊர் திரும்பும் மாணவர்கள் பலர் கிளம்பும் அவசரத்தில் ஹெட்செட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். அந்த நேரம் குறைந்தாலோ, இங்கே உரிமத்தை மாற்றும்போது மீண்டும் பறக்க வேண்டி வந்தாலோ, அதே ஹெட்செட்டை இங்கே சுங்க வரியோடு சேர்த்து வாங்க நேரிடும். விற்பதற்கு முன் மிச்சம் எத்தனை மணி நேரம் பறக்க வேண்டியிருக்கிறது என்று லாக் புக்கை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.