என் மெஷின்ல ஓடுதே! – பைத்தான் மூட்டை கட்டிய கதை

காரைக்கால்காரங்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். ஒரு காரியமா புதுச்சேரிக்குப் போகணும்னா தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு தமிழ்நாட்டுக்குள்ள புகுந்துதான் போகணும். அங்க போய் இறங்கின பிறகு "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்க?"ன்னு கேட்டா முடிஞ்சுது கதை. அதனால முந்தின ராத்திரியே பட்டியல் போட்டு ஃபைலைச் சரிபார்ப்போம்.

பைத்தான் நிரலை அடுத்தவருக்குக் கொடுக்கிறதும் இதே சமாச்சாரம்தான். நான் இதைப் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

மாங்கனித் திருவிழா பத்தி பல வருஷம் முன்னாடி பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த குறிப்புகள் என்கிட்ட கிடக்கு. அதை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். என் மெஷின்ல ஜோரா ஓடுச்சு. திருநள்ளாறு நண்பருக்கு அனுப்பினேன். "ஒரு கோப்பைக் காணோம்னு சொல்லுதுங்க"ன்னு போன். சொற்பட்டியல் கோப்பு என் ஃபோல்டர்லயே உக்காந்திருக்கு, மூட்டைக்குள்ள ஏறவே இல்லை. ஹிஹி.

சரி, இந்த மூட்டை கட்டும் கலை எப்படி வளர்ந்ததுன்னு பார்ப்போம்.

2000-ல் பைத்தானோடு டிஸ்ட்யூட்டில்ஸ் வந்தது. செட்அப்.பை என்று ஒரு கோப்பு எழுதி ஓட்டினால் நிரல் நிறுவப்படும். ஆனா அதுக்குத் தேவையான மற்ற நிரல்களைக் கொண்டுவரத் தெரியாது, நிறுவினதை நீக்கவும் தெரியாது. 2003-ல் பைபிஐ கிடங்கு வந்தது. மான்டி பைத்தான் நகைச்சுவையிலிருந்து அதற்குச் சீஸ் ஷாப் என்று பட்டப்பெயர்! 2004-ல் ஃபிலிப் எபியின் செட்அப்டூல்ஸ், சார்பு நிரல்களைத் தேடி இழுத்துவர வழி செய்தது. 2007-ல் வெர்ச்சுவல்என்வ், 2008-ல் பிப், இரண்டையும் கொடுத்தவர் இயன் பிக்கிங். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சமையலறை, வேண்டாம்னா கழுவி வைக்கவும் வசதி.

ஆனா ஒரு பழைய முடிச்சு அவிழவே இல்லை. செட்அப்.பை என்பதே ஓடும் நிரல். இதை ஓட்ட என்னென்ன வேணும்னு தெரிஞ்சுக்க, முதல்ல இதை ஓட்டணும். ஓட்டணும்னா அதெல்லாம் ஏற்கனவே இருக்கணும். பெட்டிக்குள்ளே சாவியை வைத்துப் பூட்டின கதை! 2016-ல் பெப் 518 இதற்கு வழி சொன்னது: தேவைகளைப் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற வெறும் பட்டியல் கோப்பில் எழுதி வை, ஓட்டாமலே படிக்கலாம். பெயர், பதிப்பு, உரிமம், சார்புகள் எல்லாவற்றையும் அதிலேயே எழுதும் முறையை 2020-ல் பெப் 621 வகுத்தது. 2023-ல் வந்த பைத்தான் 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸே தூக்கப்பட்டது. அதை நேரடியா நம்பி, கவனிப்பார் இல்லாமல் கிடந்த நிரல்கள் படுத்துவிட்டன.

தமிழுக்கு இதில் என்ன இருக்குன்னு கேட்கறீங்களா? நிறைய இருக்கு. நம்ம தமிழ்க் கருவிகள் பல, யாரோ ஒருத்தர் ராத்திரி கண்விழித்து எழுதினவை. அவர் லேப்டாப் போனால் கருவியும் போச்சு. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் தொகுப்பைப் பாருங்க. "தமிழ்" என்ற சொல்லுக்குப் பைத்தான் நீளம் 5 என்று சொல்லும், நமக்கோ 3 எழுத்து. அந்தக் கணக்கைச் சரியாகச் செய்யும் நிரல், எழுத்துப்பெயர்ப்பு, அருளாளனின் பழைய குறிமுறை மாற்றி எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கு. பிப்பில் ஒரு வரி அடித்தால் யாருக்கும் வந்துவிடும். என் பாமினிக் குறிப்புகளைக் கடைசியில் காப்பாற்றியதும் அந்த மாற்றிதான்.

அடி வாங்கினபின் நான் பின்பற்றுவது இவ்வளவுதான். நிரலை 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் வைக்கிறேன். வெளியே வைத்தால் சோதனை ஓட்டும்போது பைத்தான் பக்கத்தில் கிடக்கும் கோப்பையே எடுத்துக்கொண்டு "எல்லாம் சரி" என்று ஏமாற்றும். சொற்பட்டியல் போன்ற தரவுக் கோப்புகள் நிரலோடு சேர்ந்தே உள்ளே. சோதனைகள் தனி ஃபோல்டரில். உரிமமும், படித்தால் புரியும் ஒரு ரீட்மீயும் கட்டாயம். அனுப்பும் முன், காலியான புது வெர்ச்சுவல்என்வில் நிறுவிப் பார்க்கிறேன். அதுதான் முந்தின ராத்திரி சரிபார்ப்பு!

நண்பருக்கு இரண்டாம் தடவை அனுப்பினேன். "ஓடுதுங்க"ன்னு ஒரே வார்த்தையில் பதில். பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது :-)

பி.கு: உங்க லேப்டாப்பிலும் இப்படி ஒரு தமிழ் நிரல் தூங்கிக்கிட்டு இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமையாவது மூட்டை கட்டிடுங்க மக்களே.