கார் ஷோரூமுக்கு லாபம் எங்கிருந்து வருது? ஆன்-ரோடு விலைக்குப் பின்னால் இருக்கும் முழுக் கணக்கு

"அண்ணாச்சி, இந்த வண்டில எங்களுக்கு ஒண்ணுமே நிக்காது." கார் ஷோரூமில் பேரம் பேசிய எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. காரை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவுதான். ஆனால் காரோடு சேர்த்து விற்கும் மற்ற விஷயங்களில்தான் உண்மையான வருமானம் இருக்கிறது.

சிவகாசி அருகே உள்ள ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் முதல் கார் என்பது பல வருட சேமிப்பு. பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்துச் சேர்த்த பணம், தீபாவளி போனஸ், அதற்கு மேல் ஒரு வங்கிக் கடன் என எல்லாம் சேர்ந்துதான் ஒரு வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தப் பணம் எந்தெந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொண்டு ஷோரூமுக்குள் நுழைவது நல்லது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காரை விற்றால் டீலருக்கு எவ்வளவு?

எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே டீலரின் மார்ஜின் அடங்கிவிடும். இந்தியாவில் இது பொதுவாக 3 முதல் 5 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

ஒரு கணக்குப் போடுவோம். எக்ஸ்-ஷோரூம் விலை 7 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரி போக காரின் விலை சுமார் 5.93 லட்சம். மார்ஜின் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் டீலருக்கு சுமார் 23,700 ரூபாய். அதில் 15,000 ரூபாயைத் தன் கையிலிருந்து தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 8,700 ரூபாய்தான். இதிலிருந்துதான் கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், ஸ்டாக் வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும்.

ஆமாம், ஷோரூமில் நிற்கும் கார்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் டீலர்கள் கடன் வாங்கித்தான் கம்பெனியிடமிருந்து வண்டி எடுக்கிறார்கள். 2024 செப்டம்பரில், நாடு முழுக்க டீலர்களிடம் 80 முதல் 85 நாட்களுக்கான கார்கள் தேங்கி நிற்பதாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா தெரிவித்தது. மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய். அதனால் மாதக் கடைசியில் ஸ்டாக்கைத் தள்ளிவிட்டு, கம்பெனி வைத்த டார்கெட்டை எட்டி, அதற்கான ஊக்கத்தொகையை வாங்குவது டீலருக்கு ரொம்ப முக்கியம்.

முதல் வருமானம்: இன்சூரன்ஸ்

ஷோரூமில் கொடுக்கும் கொட்டேஷனில் இன்சூரன்ஸ் ஒரே வரியாக, ஒரே தொகையாக இருக்கும். பாலிசியை விற்றால் டீலருக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து பணம் கிடைக்கும். அந்த ஒரே வரியைப் பிரித்துக் கேளுங்கள்.

* தேர்டு பார்ட்டி: புதிய காருக்கு 3 ஆண்டுகளுக்கு எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். இதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகைதான். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய். ஜிஎஸ்டி தனி.
* ஓன் டேமேஜ்: உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இதன் பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பேரத்துக்கு இடம் இருப்பது இங்கேதான். ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும்.
* தனிநபர் விபத்துக் காப்பீடு: உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இருந்தால், இரண்டாவது முறை எடுக்கத் தேவையில்லை.
* ஆட்-ஆன்: ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு போன்றவை. வேண்டியதை மட்டும் டிக் செய்யச் சொல்லுங்கள்.

"எங்ககிட்ட இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் டெலிவரி" என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. வெளியில் இரண்டு கொட்டேஷன் வாங்கிக் காட்டினாலே பல ஷோரூம்களில் தொகை இறங்கும். ஒன்றில் மட்டும் கவனம்: பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புதிய காருக்கு ஐடிவி பொதுவாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும்.

இரண்டாவது: கடன்

ஷோரூமிலேயே உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் மூலம் கடன் போனால், அதற்கும் டீலருக்கு கமிஷன் உண்டு. அதற்காக ஷோரூம் கடன் எல்லாமே மோசம் என்று இல்லை. உங்கள் வங்கியில் வட்டி விசாரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறுவது 'ஃபிளாட் வட்டி'யில். 5 லட்சம் கடன், 5 வருடம், ஃபிளாட் வட்டி 6 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வட்டி மட்டும் 1.5 லட்சம், மாதத் தவணை 10,833 ரூபாய். வங்கிகள் சொல்லும் குறையும் இருப்பு முறையில் இது கிட்டத்தட்ட 10.8 சதவீத வட்டிக்குச் சமம்.

2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் 'முக்கியத் தகவல் அறிக்கை' தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: அக்சசரீஸ், கோட்டிங், 'ஹேண்ட்லிங்'

தரை மேட், சீட் கவர், செராமிக் கோட்டிங், அடிப்பாகத்துக்கு பெயின்ட், கூடுதல் வாரண்டி. கார் விலையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். ஆனால் டீலருக்கு சதவீதக் கணக்கில் அதிக லாபம் இதில்தான். "20,000 ரூபாய்க்கு அக்சசரீஸ் இலவசம்" என்றால், அதே பொருள் வெளியே என்ன விலை என்று பாருங்கள். பொருளுக்குப் பதில் விலையைக் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் லாபம்.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று சில ஆயிரங்கள் தனி வரியில் வந்தால், எதற்காக என்று கேளுங்கள். புதிய காரின் பதிவுக்கு விண்ணப்பிப்பது சட்டப்படி டீலரின் வேலை. மத்திய விதிப்படி காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிய 1,500 ரூபாய். 'ஆர்டிஓ செலவு' என்று இதைவிட மிக அதிகமாகப் போட்டிருந்தால் ரசீது கேட்கலாம்.

நான்காவது: சர்வீஸும் பழைய காரும்

கார் ஒருமுறைதான் விற்கும், சர்வீஸுக்கு ஆண்டுக்கணக்கில் வரும். ஷோரூமின் நிரந்தரச் செலவுகளைத் தாங்குவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் பட்டறைதான். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குக்குப் போயின.

எக்ஸ்சேஞ்சிலும் லாபம் உண்டு. 'எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000' என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் பழைய வண்டியின் விலையில் 40,000 குறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பழைய காருக்கு வெளியில் விலை கேட்டுவிட்டு, அதைத் தனிப் பேரமாகப் பேசுங்கள்.

தள்ளுபடி ஏன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கு?

இதற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. டீலர்கள் தாங்கள் சொன்ன அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக்கூடாது என்று மாருதி சுசுகி கட்டுப்படுத்தியதாகப் புகார் எழுந்தது. வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி டீலர்களைச் சோதித்ததும், மீறியவர்களுக்கு அபராதம் போட்டதும் விசாரணையில் பதிவானது. 2021 ஆகஸ்ட்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை கொடுத்தது.

இதேபோல 2017ல் ஹூண்டாய்க்கு விதிக்கப்பட்ட 87 கோடி அபராதத்தை, 2018ல் தீர்ப்பாயம் ரத்து செய்துவிட்டது.

வாங்குபவருக்கு இதில் உள்ள பாடம்: ஷோரூம்களுக்கு இடையே போட்டி இருந்தால்தான் விலை குறையும். சிவகாசி, விருதுநகர், மதுரை என இரண்டு மூன்று ஊர்களில் கொட்டேஷன் வாங்குங்கள். மதுரையில் வாங்கினாலும் உங்கள் முகவரிக்கு உரிய ஆர்டிஓவிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

10 லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம்.

10 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,30,000. விலை 10,10,000 ஆனால் வரி 1,81,800. அதாவது 10,000 ரூபாய் கூடுதல் வேரியன்ட்டுக்காக 51,800 ரூபாய் கூடுதல் வரி! 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீத டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள். ஆனால் அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்கே வரவு வைக்கப்படும். ரிட்டர்ன் போட்டுக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

எப்போ வாங்கலாம்?

தீபாவளி நேரத்தில் சிவகாசி பக்கம் கையில் பணம் புழங்கும், ஷோரூமிலும் கூட்டம் இருக்கும். வாங்குபவர் அதிகமானால் பேரத்தின் பலம் குறையும். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க நம் ஊரில் பலர் யோசிப்பார்கள். மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் வருகிறது. வருடம் மாறினால் 'போன வருட வண்டி' ஆகிவிடும் என்பதால் டீலர்கள் ஸ்டாக்கை முடிக்க நினைப்பதும் அப்போதுதான். நல்ல நாள் பார்ப்பவர்கள் டிசம்பரில் விலையைப் பேசி புக் செய்துவிட்டு, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பேசிய விலையும் தள்ளுபடியும் டெலிவரி வரை மாறாது என்று எழுதி வாங்குங்கள்.

புக்கிங்குக்கு முன் இதைச் செய்யுங்கள்

1. ஒவ்வொரு செலவும் தனித்தனியாக உள்ள கொட்டேஷனை, ஷோரூம் முத்திரையுடன் வாங்குங்கள்.
2. முன்பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். சேல்ஸ்மேனின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.
3. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டம் ஷோரூமை அனுமதிக்காது. வங்கி வழியாகவே கட்டுங்கள்.
4. புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.
5. பதிவுக்கு முன்பே காரை நேரில் பாருங்கள். தயாரிப்பு மாதம், ஆண்டு, சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் சரிபாருங்கள். பதிவான பிறகு மாற்றிக் கேட்பது கஷ்டம்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

முதலில் ஷோரூமுக்கும் கார் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸ் கட்டாயப்படுத்தல் என்றால் காப்பீட்டு ஆணையத்தின் 155255. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். அதனால் கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.