சோரமும் சீதனக் காணியும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018 செப்டெம்பர் 27ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பிறர் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமின்றிக் கூடிய ஆணுக்கு ஐந்தாண்டுவரை சிறை என்றது அப்பிரிவு. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. கணவன் சோரம் போனால் மனைவிக்கு முறையிடும் உரிமையும் இல்லை. பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதிய சட்டம் அது.

அந்த இந்தியச் சட்டத்தைத் தழுவி 1883இல் இலங்கைக்கு ஆக்கப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில் சோரம் குற்றமாகச் சேர்க்கப்படவில்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டமும், சோரத்தைக் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வகையான விவாகரத்துக் காரணமாக வைத்தது. இங்கிலாந்தில் மனைவியின் சோரம் மட்டுமே கணவனுக்குப் போதுமானதாக இருக்க, மனைவியோ அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு அங்கு 1923இல்தான் நீங்கியது. இலங்கையிலேயே 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் மனைவியின் சோரத்தைத் தனிக்காரணமாக ஏற்று, கணவனின் சோரத்தோடு முறைதகா உறவோ கடுங்கொடுமையோ சேர்ந்திருக்க வேண்டும் என்றது.

ஆகவே, ஏட்டின்படி யாழ்ப்பாணத்துப் பெண் லண்டன் பெண்ணையும் கண்டிப் பெண்ணையும் விட மேலான நிலையில் இருந்தாள். ஆனால் பாரபட்சம் இங்கே ஒழிந்துவிடவில்லை. அது காணி உறுதிக்குள் குடிபுகுந்திருந்தது.

யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்பினர். அந்தத் தேசவழமையை 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றனர். கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்திருந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அக்காலத்தில் மனைவியின் சீதனத்தில் எதையும் கணவன் பிறருக்குக் கொடுக்க முடியாது என்றும் அதில் காண்கிறோம். பழைய வழமை பிணக்குற்ற மனைவிக்கு ஓரளவு காப்பளித்தது என்பது கவனிக்கத்தக்கது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டம் மனைவியின் முதுசமும் சீதனமும் அவளது தனி ஆதனம் என்றது. ஆயினும் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவனின் காணிக்கு மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. தேடியதேட்டத்தையும் அவனே நிருவகிப்பவனாக நின்று விற்கலாம் என நீதிமன்றங்கள் கொண்டன.

சம்மதம் கிடைக்காதவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். கணவன் கைவிட்டிருந்தால், இருவரும் மனமொத்துப் பிரிந்திருந்தால், இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்தால், சித்தம் கலங்கியிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றி மறுத்தால் என்று சட்டம் காரணங்களை அடுக்கியது. அந்த அடுக்கில் சோரம் இல்லை. சோரம் போனவன் அதே வீட்டில் இருந்தாலும், கடல் கடந்து போய் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினாலும், மனைவியின் தாய் கொடுத்த காணிக்கு அவனுடைய கையொப்பமோ அற்றோணித் தத்துவமோ தேவைப்பட்டது. இல்லாவிடில் அவள் வழக்காட வேண்டியிருந்தது. விவாகரத்துக் கிடைத்தால் அந்தத் தளை அறும். ஆனால் அதற்குக் கணவனின் சோரத்தை மன்றில் எண்பிக்க வேண்டும். ஊரும் உறவும் பார்த்திருக்க அதைச் செய்யத் துணிந்தவர் எத்தனை பேர்?

1923இல் வந்த விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம் கணவனின் சம்மதம் என்ற தளையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். நூறாண்டைக் கடந்தும் 1911ஆம் ஆண்டின் விதி ஏட்டில் நின்றது.

மாதவியிடம் பொருளெல்லாம் இழந்து திரும்பிய கோவலன், மனைவியின் சிலம்பை விற்கவே மதுரைக்குப் போனான். கண்ணகியை வற்றாப்பளையில் தெய்வமாக்கி வணங்குகிறோம். அவளுடைய சிலம்பை விற்கும் உரிமை யாருக்கு என்று மட்டும் நாம் கேட்கவில்லை. சோரத்துக்குத் தண்டனை வேண்டும் என்பதல்ல என் வாதம். அவளது காணியை ஆளும் உரிமை அவளுக்கே வேண்டும் என்பதே.